கேட்டது கேட்டதா?

சம்பளத்தைக் கூட்டிக் கேட்பது எப்படி என்று அவனுக்குப் பயிற்சி கொடுத்தது அவன் மனைவிதான். அவள் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியை. மைதானத்தின் இந்த முனையில் நின்றுகொண்டு அந்த முனையில் ஓடுகிற பிள்ளையைத் திருப்பிவிடுகிற தொண்டை அவளுக்கு. அவனுக்கோ பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைக் கூப்பிடவே இரண்டு தடவை வாயைத் திறக்க வேண்டும். படிக்கிற காலத்தில் கூட்டாளிகள் அவனுக்கு வைத்த பெயர் 'ரகசியம்'. வருகைப் பதிவின்போது அவன் "உள்ளேன்" என்று சொன்னது ஆசிரியரை எட்டாமல், வகுப்பிலேயே உட்கார்ந்திருந்து பல நாள் வராதவன் கணக்கில் சேர்ந்திருக்கிறான். அந்தப் பெயர் கல்யாணம் வரைக்கும் கூடவே வந்து, மச்சான்மார் வாயிலும் ஏறிக்கொண்டது.

"நான்தான் உங்க கடை மேடம்னு வச்சுக்கோங்க. உள்ள வாங்க," என்றாள் மனைவி. சமையலறை நாற்காலியில் கால்மேல் கால் போட்டு, மூக்கு நுனியில் கண்ணாடியை இறக்கி, கரண்டியைப் பேனாவாகப் பிடித்திருந்தாள். மகள் மேடைமேல் ஏறி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

அவன் வாசற்படியில் நின்றான். "மேடம், ஒரு விஷயம்…"

"என்ன விஷயம்? சீக்கிரம் சொல்லு, எனக்குத் தலைக்குமேல வேலை இருக்கு."

"ஒண்ணும் அவசரமில்ல மேடம். அப்புறமா வர்றேன்."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "எங்க போறீங்க? திரும்பி வாங்க. அவங்க வீட்டையா எழுதித் தரச் சொல்லிக் கேக்கப் போறீங்க? செய்யற வேலைக்குத்தானே கேக்கறீங்க. என் முகத்தப் பாத்துச் சொல்லுங்க. சம்பளம்."

"சம்பளம்."

"எறும்புக்குக்கூட கேக்கல."

விளையாட்டாகத் தெரிந்தாலும் விஷயம் விளையாட்டில்லை. மூத்தவள் தானே தலைவாரிப் பின்னிக்கொள்கிற வயதுக்கு வந்தபிறகு, இனி இல்லை என்று இருவரும் மனதைத் தேற்றிக்கொண்ட பிறகு, மனைவி மறுபடி உண்டாகியிருந்தாள். ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, நெடுநேரம் நிற்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஓடாமலும் குதிக்காமலும் உடற்பயிற்சி ஆசிரியை என்ன செய்வாள்? பள்ளிக்கூடத்தில் நீண்ட விடுப்பு தருவார்கள். சம்பளத்தோடு தரமாட்டார்கள்.

அவன் வேலை பார்த்தது காது மெஷின் கடையில். முன்பக்கம் கண்ணாடி அலமாரியும் முதலாளி மேடத்தின் மேஜையும். பின்பக்கம், கடையில் 'கூண்டு' என்று சொல்லும் சின்ன அறை. வெளிச் சத்தம் புகாதபடி சுவரெல்லாம் மெத்தை வைத்துத் தைத்து, தரையில் கம்பளம் விரித்து, கனமான கதவு போட்டிருக்கும். வந்தவரை உள்ளே உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பான். பிறகு கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் மெஷினின் முன்னால் உட்கார்ந்து, சன்னமான சத்தங்களை ஒவ்வொன்றாக அனுப்புவான். கேட்டால் அவர் பொத்தானை அழுத்த வேண்டும். அதன்பின் உதடு தெரியாதபடி சொற்கள் எழுதிய ஒரு அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு, மைக்கில் சொற்களைச் சொல்வான். அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். ரகசியத்தின் குரல் உலகத்தில் மதிப்பாக இருந்த ஒரே இடம் அந்த மைக்தான். பதறாத, அழுத்தாத, ஒரே சீரான குரல். வயதானவர்கள் அவனிடம்தான் சோதிக்க வேண்டும் என்று கேட்டு வருவார்கள்.

அவனை வேலைக்கு எடுத்தது மேடம். அப்போது கடை இதில் பாதிகூட இல்லை. ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டுத் தனியாளாக அந்தக் கடையை எழுப்பியவர். கணவர் இறந்தபிறகும் ஒருநாள் கூடுதலாகப் பூட்டி வைக்காதவர். அவன் கல்யாணத்துக்கு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தவர். அவர் முதல் நாளிலிருந்து அவனிடம் சொல்லிவந்த ஒன்று உண்டு: "வாயைத் திறந்து பேசு. உள்ள என்ன பூட்டியா வச்சிருக்கே?" சமீபத்தில் அதை அடிக்கடி சொன்னார். தன் குரல் வயதாக ஆகத் தேய்ந்துகொண்டே போகிறது போலிருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

மனைவி கொடுத்த பயிற்சி வீணாகவில்லை. ஒரு நாள் மத்தியானம், ஆள் வராத நேரமாகப் பார்த்து மேடத்தின் மேஜை முன்னால் போய் நின்றான். அவர் குனிந்து பேட்டரிக்கான பில்களை அடுக்கிக்கொண்டிருந்தார். மேலே பழைய மின்விசிறி கடகடவென்று ஓடியது. அவன் மேஜை விளிம்பைப் பார்த்தபடி, மூச்சை இழுத்துக்கொண்டு, ஒரே தம்மில் சொன்னான்.

"மேடம், சம்பளம் கொஞ்சம் ஏத்திக் கொடுத்தா நல்லா இருக்கும். ரொம்ப நாளாச்சு."

மேடம் தலையை நிமிர்த்தவில்லை. "எனக்கும் அந்த நினைப்பு இருந்துச்சு. ரொம்ப நாளாச்சுதான். அடுத்த மாசம் பண்ணிடலாம்."

அவனுக்குக் கால் தரையில் இல்லை. "நிஜமாவா மேடம்?"

இப்போது நிமிர்ந்து பார்த்தார். "இதுல என்ன இருக்கு? இதைக் கேக்கறதுக்கு இவ்வளவு தயங்கணுமா? பண்றதை நல்லதாவே பண்ணிடலாம்."

அன்று சாயங்காலம் அவன் பஸ்ஸைப் பிடிக்கவில்லை. நடந்தே போனான். வழியில் திராட்சை வாங்கினான், விதையில்லாதது. கதவைத் திறந்த மனைவி முகத்தைப் பார்த்ததுமே, "கேட்டீங்களா?" என்றாள்.

"கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"பண்ணிடலாம்னாங்க. நல்லதாவே பண்ணிடலாம்னாங்க."

"ஒரே தடவையிலயா?" அவள் திராட்சைப் பையை வாங்கிக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள். "என் வீட்டுக்காரர் பேசினதுதானா, இல்ல வேற யாரையாவது அனுப்பினீங்களா?"

மறுநாளே அவள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தாள். பெரியவள் தனக்குப் பிடித்த நிறத்தில் பாப்பாவுக்கு ஒரு சின்னக் கட்டிலைப் பார்த்துவைத்து, அதை எங்கே போடலாம் என்று அப்பாவோடு சேர்ந்து வீட்டை அளந்தாள்.

அடுத்த மாதம் சம்பளம் வங்கியில் விழுந்ததாகக் கைப்பேசி சொன்னது. அவன் பார்த்தான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். பழைய சம்பளம்தான். மிச்சத்தைத் தனியாகக் கையில் கொடுப்பார் போலிருக்கிறது என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தபோது, இரண்டு பேர் தோளில் ஒரு பெரிய சுருளைச் சுமந்துகொண்டு கடைக்குள் நுழைந்தார்கள். மேடம் எழுந்து கூண்டின் கதவைத் தானே திறந்துவிட்டார். பழையதை உரித்து வெளியே போட்டுவிட்டு, கரும்பச்சையில் தடித்த புதுக் கம்பளம் ஒன்றை மூலைக்கு மூலை விரித்து ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

"எப்படி?" என்றார் மேடம். முகமெல்லாம் பூரிப்பு. "நீ கேட்டதுதானே. பழசு நூல் நூலா பிரிஞ்சு பாக்கவே சகிக்கல. வாங்கறதை நல்லதா வாங்குவோம்னு ரெண்டு மூணு கடை ஏறி இறங்கினேன். செருப்பைக் கழட்டிட்டு மிதிச்சுப் பாரு."

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்துப் பார்த்தான். கால் கணுவரை அமிழ்ந்தது.

"பிடிச்சிருக்கா?"

"ரொம்ப நல்லா இருக்கு மேடம்."

"வாயைத் திறந்து சொல்லு."

"நல்லா இருக்கு மேடம்," என்றான், தன்னால் முடிந்த மட்டும் சத்தமாக.

வீட்டில் அதைச் சொல்லி முடிப்பதற்குள் மனைவிக்கு முதலில் கோபம்தான் வந்தது. "நீங்க வாய்க்குள்ளயே முணுமுணுத்திருப்பீங்க," என்று ஆரம்பித்தவள், பாதியில் அவன் சொன்னதையே ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "சம்பளம் ஏத்திக் கொடுங்க. கம்பளம் மாத்திக் கொடுங்க." அதோடு கோபம் பறந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சிரிக்க வேண்டாம் என்று தன்னைத்தானே கெஞ்சிக்கொண்டு சிரித்தாள். மகள் அதற்கு ராகம் போட்டு வீடு முழுக்கப் பாடிக்கொண்டு போனாள்.

அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவன் முகம் மாறியது.

"என்னங்க?"

"ச," என்றான். "அவங்களுக்கு 'ச' கேக்கல."

அது அவன் தொழில். காது மங்கத் தொடங்கும்போது எல்லாச் சத்தமும் ஒன்றாகப் போவதில்லை. முதலில் போவது மெல்லிய, கூரான சத்தங்கள். 'ச' போகும். பறவைச் சத்தம் போகும். பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்பது மட்டும் நழுவும். அப்படிப்பட்டவர்கள் கடைக்கு வந்ததும் சொல்கிற முதல் வாக்கியம் அவனுக்கு மனப்பாடம்: எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு, இப்ப எல்லாரும் வாய்க்குள்ளயே பேசறாங்க.

"அப்ப உங்க குரல் ஒண்ணும் தேயல," என்றாள் மனைவி மெதுவாக. "அவங்களுக்கே தெரியாதா?"

"இந்தத் தொழில்ல இருக்கறவங்களுக்குத் தெரியாம இருக்குமா?"

"பின்ன ஏன் சொல்லாம இருக்காங்க?"

வழியும் அவளே சொன்னாள். "பேசாம எழுதிக் கொடுத்துடுங்க. கையில கொடுத்தா படிச்சுத்தானே ஆகணும்."

"எழுதிக் கொடுத்தா சம்பளம் வந்துடும்," என்றான். "அவங்க அப்படியேதானே இருப்பாங்க."

அவள் எழுந்து அடுப்பை அணைக்கப் போனாள்.

அதன்பிறகு கடையில் அவன் கண்ணுக்கு எல்லாம் புதிதாகத் தெரிந்தன. மேடம் தன் நாற்காலியை ஜன்னலுக்கு முதுகு காட்டிப் போட்டிருந்தார். அப்போதுதான் எதிரில் இருப்பவர் வாய்மேல் வெளிச்சம் விழும். தொலைபேசி அடித்தால் உடனே ஏதாவது வேலையைக் கையில் எடுத்துக்கொண்டு, "நீயே பேசிடு," என்பார். இரண்டு பேர் சேர்ந்து பேசினால் சிரித்தபடி எழுந்து அலமாரியைத் துடைக்கப் போவார். அவர் ஏதாவது புரியாமல் "என்ன சொன்னே?" என்று கேட்ட பல சமயங்களில் தான் சோம்பலாக "ஒண்ணுமில்ல மேடம்" என்று விட்டுவிட்டதும் அவன் நினைவுக்கு வந்தது. ஒண்ணுமில்லை என்று சொன்னவை எல்லாம் உண்மையில் ஒன்றுமில்லாத விஷயங்கள்தான். ஆனாலும் உறுத்தியது.

ஒரு நாள் ஒரு பெரியவரை அவருடைய மகன் அழைத்து வந்தான். பெரியவர் வாழ்நாளெல்லாம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். இஞ்சின் சத்தத்தில் காதைத் தொலைத்தவர். மெஷினைக் கையில் உருட்டிப் பார்த்துக்கொண்டு, "இதைக் கழட்டி வச்சிட்டுத் தூங்கலாமா?" என்று மேடத்திடம் கேட்டார்.

"அதெல்லாம் உடனே வாங்கணும்னு இல்ல, நிதானமா யோசிச்சு வாங்கிக்கலாம்," என்றார் மேடம்.

பெரியவர் குழம்பிப்போய் மகனைப் பார்த்தார். மகன் சுவர்ப்பக்கமாகத் திரும்பிக்கொண்டு, "காது மெஷின் விக்கறவங்களுக்கே முதல்ல ஒண்ணு மாட்டணும் போல," என்றான். பெரியவருக்கும் அது கேட்கவில்லை. மேடத்துக்கும் கேட்கவில்லை. ஏதோ நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறான் என்று நினைத்து மேடம் அவனைப் பார்த்துப் புன்னகை செய்தார். வாடிக்கையாளரை நோக்கி அவர் எப்போதும் செய்கிற, மரியாதையான, நல்ல புன்னகை.

ரகசியத்துக்கு அந்தப் புன்னகையைப் பார்க்க முடியவில்லை. பெரியவரைக் கையைப் பிடித்துக் கூண்டுக்குள் கூட்டிக்கொண்டு போய், கழட்டி வைத்துவிட்டுத்தான் தூங்க வேண்டும் என்று அவர் காதருகே குனிந்து சொன்னான்.

அன்று சாயங்காலம் கடை மூடும் நேரத்தில், மேடம் சாவியை எடுக்கும்போது அவர் முகத்துக்கு நேராகப் போய் நின்றான்.

"மேடம், புதுக் கம்பளம் போட்டதுக்கப்புறம் கூண்டு சரியா இருக்கான்னு பாக்கணும். கொஞ்சம் உள்ள உக்காருறீங்களா?"

கூண்டில் எதை மாற்றினாலும் நல்ல காது உள்ள ஒருவரை உட்காரவைத்துச் சரிபார்ப்பது அங்கே வழக்கம். முன்பெல்லாம் அந்த நல்ல காது மேடத்துடையதுதான். சில வருடங்களாக, நீயே பார்த்துக்கோ என்று விட்டிருந்தார்.

"இப்பவா? எனக்கு வீட்டுல வேலை இருக்கு."

"கொஞ்ச நேரம்தான்."

"நாளைக்குப் பாப்போம்."

அவன் நகரவில்லை. எதற்கும் நகர்ந்துவிடுகிற மனிதன் நகராமல் நின்றதை மேடம் பார்த்தார். அவன் கண்ணைப் பார்த்தார். என்ன படித்தாரோ, சாவியை மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

"முன்கதவைச் சாத்திட்டு வா," என்றார்.

கூண்டுக்குள் அவர் தானே ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார். பொத்தானைக் கையில் எடுத்துக்கொண்டார். அவன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தடித்த சத்தங்களிலிருந்து ஆரம்பித்தான். பொத்தான் விளக்கு எரிந்தது, எரிந்தது. சத்தம் மெலிந்து கூராக ஆக, விளக்கு தயங்கியது. பிறகு எரியவில்லை. அவன் கூட்டினான். இன்னும் கூட்டினான். மேடம் சுவரைப் பார்த்தபடி, காதைக் கூர்மையாக வைத்துக்கொண்டு, சத்தம் எதுவும் வராத இடங்களில் இரண்டு முறை ஊகித்து அழுத்தினார். அந்த இரண்டையும் அவன் பார்க்காததுபோல விட்டுவிட்டான்.

அட்டையை எடுத்து வாயை மறைத்துக்கொண்டான்.

"மரம்."

"மரம்," என்றார் மேடம்.

"வீடு."

"வீடு."

"காசு."

"காது."

"சட்டை."

"கட்டை."

அட்டையில் இருந்த சொற்கள் முடிந்துவிட்டன. சோதனையும் முடிந்த மாதிரிதான். அவன் மைக்கை அணைத்திருக்கலாம். ஆனால் மனைவி சமையலறையில் அத்தனை நாள் சொல்லிச் சொல்லிப் பழக்கிய வார்த்தை அவனைக் கேட்காமலே வெளியே வந்தது.

"சம்பளம்."

"கம்பளம்," என்றார் மேடம்.

அட்டை மறைத்தது வாயை மட்டும்தான். கண்ணாடி வழியே அவன் கண்களைப் பார்த்துவிட்டார் அவர். சில வருடங்களாக எல்லோருடைய முகத்தையும் படித்தே பிழைப்பு நடத்துகிறவர்.

"மறுபடி சொல்லு," என்றார்.

அவன் சத்தத்தைக் கூட்டினான். "சம்பளம்."

அவர் உதடு அசைந்தது. குனிந்து, தன் காலடியில் இருந்த கரும்பச்சைக் கம்பளத்தைப் பார்த்தார். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை பார்த்தார். பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றாமலே இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து அவன் பதறி எழுந்தான். அவர் கையை எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். கண் நிறையத் தண்ணீரும் இருந்தது.

"அதையா கேட்டே அன்னைக்கு?"

அவன் மைக்கில் குனிந்தான். "ஆமா மேடம்."

"நானும் மூணு கடை ஏறி இறங்கினேனே."

"நல்ல கம்பளம்தான் மேடம்."

"வாயை மூடு," என்றார் மேடம். வாழ்க்கையில் முதல்முறையாக யாரோ அவனை வாயை மூடச் சொன்னார்கள்.

அவர் வெளியே வரவில்லை. உள்ளேயே உட்கார்ந்து, ஹெட்ஃபோனைக் காதிலேயே வைத்துக்கொண்டு பேசினார். சத்தம் கூட்டிய அந்த மைக் வழியாக அவன் குரல் அவருக்குத் துல்லியமாகக் கேட்டது. அதை விட்டு வர மனமில்லாதவர்போல இருந்தார்.

"எங்க அம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சது," என்றார். "நாங்க அஞ்சு பிள்ளைங்க. சாப்பிடும்போது ஒரே பேச்சும் சிரிப்பும். அம்மா எல்லார் முகத்தையும் பார்த்துட்டு, கடைசியா சிரிப்பாங்க. என்னடி சொன்னான்னு என்கிட்டதான் கேப்பாங்க. ஒண்ணுமில்லம்மான்னு சொல்லிட்டு நான் சாப்பிடுவேன். யாரும் கெட்டவங்க இல்ல. திருப்பிச் சொல்ற அளவுக்கு அதுல என்ன இருக்குன்னு ஒரு நினைப்பு. கடைசியில அம்மா கேக்கறதையே விட்டுட்டாங்க." கொஞ்சம் நிறுத்தினார். "அதுக்காகத்தான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். வர்றவங்க கிட்டயெல்லாம் இதுல என்ன வெக்கம்னு கேட்டிருக்கேன். எனக்குன்னு வந்தப்ப, நான் மாட்டிட்டா நானும் அந்த நாற்காலிக்குப் போயிடுவேன்னு தோணுச்சு. எல்லாரும் என்னைத் தாண்டிப் பேசற நாற்காலி."

"நானும் சொல்லியிருக்கேன் மேடம். ஒண்ணுமில்லன்னு."

"தெரியும்."

"இனிமே சொல்ல மாட்டேன்."

மேடம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தக் கண்ணாடிக்குப் பின்னாலும் அவர் முதலாளிதான் என்பது திரும்பி வந்தது. "சரி. இப்ப கேளு. முழுசா கேளு. எனக்குக் கேக்குது."

அவன் கேட்டான். அட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். மனைவி உண்டாகியிருப்பதை, அவள் விடுப்பு எடுத்திருப்பதை, எத்தனை நாளாகச் சம்பளம் அப்படியே இருக்கிறது என்பதை, எவ்வளவு வேண்டும் என்பதை, எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னான். அவன் வாயிலிருந்து அவ்வளவு சொற்கள் ஒரே மூச்சில் வந்து மேடம் பார்த்ததில்லை.

"உண்டாகியிருக்காளா?" என்றார் மேடம். "எத்தனை மாசம்? இதையாவது என்கிட்ட சொன்னியா, இல்ல இதையும் சொல்லி நான் வேற எதையாவது வாங்கி வச்சிருக்கேனா?"

"இல்ல மேடம். இது இப்பதான் சொல்றேன்."

அவர் யோசித்தார். "நீ கேட்டது முழுசா இப்ப முடியாது. உண்மையைச் சொல்றேன். கம்பளத்துக்கே நிறைய போயிடுச்சு." அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். "பாதி இந்த மாசத்துலேருந்து. மீதி வருஷக் கணக்கு முடிஞ்சதும். குழந்தை பிறக்கும்போது சம்பளத்தோட லீவு எடுத்துக்கோ. கடையை நான் பாத்துக்கறேன்." பிறகு, மெஷின் அலமாரி இருந்த பக்கம் பார்க்காமல், "அதுக்குப் பதிலா நான் மெஷின் மாட்டணும்னு சொல்லப் போறே," என்றார்.

"இல்ல மேடம். அது வேற, இது வேற. நீங்க மாட்டலைன்னாலும் என் சம்பளம் என் சம்பளம்தான்."

மேடம் ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்தார். "பேசக் கத்துக்கிட்டே," என்றார்.

மெஷினை அவரே மறுநாள் காலையில் கேட்டார். காதின் அளவு எடுத்து, உள்ளே நிற்கும்படி பொருத்தி, சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி வைத்தான். அன்று முழுக்க மேடத்துக்கு எதைக் கேட்டாலும் எரிச்சல். பில் காகிதம் கிழிகிற சத்தம் ஆகவில்லை. அவன் செருப்புச் சத்தம் ஆகவில்லை. "இந்த மின்விசிறி இத்தனை நாளா இப்படியா கத்திட்டிருந்துச்சு? ஏண்டா யாரும் சொல்லல?" என்று அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டுக் கழற்றச் சொன்னார். மத்தியானம் அவனை அழைத்து ஏதாவது பேசு என்றார். பேசினான். முழுவதும் கேட்டுவிட்டு, "உன் குரல் நிஜமாவே சின்னதுதான். அதுல நான் சொன்னது ஒண்ணும் தப்பில்ல," என்று தீர்ப்புச் சொன்னார்.

தலைமுடியை முன்னால் இழுத்துக் காதை மூடிக்கொண்டார். வருகிறவர்களிடம் காட்டிக்கொள்ளவில்லை. அவனும் அதைப் பற்றிப் பேசவில்லை. அது அவர் காது.

வீட்டில் மனைவி, "பாதிதானா?" என்று முதலில் இழுத்தாள். சம்பளத்தோடு விடுப்பு என்றதும், "சரி, பரவாயில்ல, மேடம் கெட்டிக்காரிதான்," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, துணி மடித்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்:

"அழுதாங்களா?"

"சிரிச்சாங்க. அதோட சேர்த்து."

"நீங்க?"

"நான் மைக்குல இருந்தேன்."

அவள் மடித்த துணியை அவன் மடியில் வைத்து, அவன் கன்னத்தை ஒருமுறை தட்டிவிட்டு உள்ளே போனாள்.

குழந்தை பெண்ணாகப் பிறந்தது. வீட்டுக்கு வந்த சில நாளில், கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு மேடம் பார்க்க வந்தார். கையில் பாப்பாவுக்கு வாங்கிய துணிப் பொட்டலம். உள்ளே வரும்போதே வீடு அதிர்ந்துகொண்டிருந்தது. பாப்பா தொண்டை கிழிய அழுதாள். அம்மாவின் தொண்டை அப்படியே அவளுக்கு இறங்கியிருந்தது. பெரியவள் காதைப் பொத்திக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்திருந்தாள்.

"உங்களுக்குக் காது வலிக்கும் மேடம், அந்த ரூம்ல உக்காருங்க. இவ அடங்கினதும் தூக்கிட்டு வர்றேன்," என்றாள் மனைவி.

"எனக்கா?" என்றார் மேடம்.

கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் கை முடிக்குள் காதுக்குப் போனது. சத்தத்தைக் குறைக்க அங்கே சின்னதாக ஒரு பொத்தான் உண்டு. அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் முடியை மட்டும் பின்னால் ஒதுக்கிவிட்டுக் கையை எடுத்துவிட்டார். பாப்பாவின் வயிற்றில் விரலால் மெதுவாகத் தட்டிக்கொடுத்தபடி, அந்த அழுகை முழுவதையும் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அழுகை விக்கலாகி, விக்கல் முனகலாகி, கடைசியில் பாப்பா தூங்கிப்போனாள்.

மனைவி விட்டால் போதும் என்று எழுந்தாள். மேடம் எழவில்லை. கட்டில் கம்பிமேல் கையை ஊன்றி இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

"மூச்சு விடறது," என்றார் மெதுவாக. "உஸ் உஸ்னு. இது கேக்குமான்னு பார்த்தேன்."

தெருவில் ஒரு வண்டி உறுமிக்கொண்டு போனது. ரகசியம் எழுந்து போய், தாழ்ப்பாள் சத்தம் வராமல், ஜன்னலைச் சாத்தினான்.